பிரிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குச் சேர்க்கக் கற்றுக்கொடு

வேலணை

அன்பு மகளுக்குப் பெரியம்மா எழுதுவது.

நெடுந்தீவில் ஆங்கில ஆசிரியையாகப் பொறுப்பேற்று விட்டாய் என்று உன் அம்மா சொன்னபோது மனம் நிறைந்தது. குறிகட்டுவானில் வள்ளம் ஏறிக் கடல் தாண்டிப் போய்ப் படிப்பிக்க வேண்டிய இடத்துக்கு விரும்பிப் போகிறவர்கள் குறைவு. நீ விரும்பிப் போயிருக்கிறாய். அதற்காகவே இந்தக் கடிதத்தை நீளமாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். இறந்தகாலத்துக்கு ஈ, டி என்ற ஒரே ஈற்றை எழுதிவிட்டு ஓரிடத்தில் ‘ற்’ என்றும், ஓரிடத்தில் ‘ட்’ என்றும், இன்னோரிடத்தில் ‘இட்’ என்றும் சொல்ல வேண்டியிருக்கிறதே, ஒரு சொல்லில் ‘இன்’ என்று நிற்கிற முன்னொட்டு இன்னொரு சொல்லில் ‘இம்’ ஆகிறதே, இதைத் தரம் 6 பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று. பிள்ளைகள் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய்.

பயப்பட ஒன்றுமில்லை. சொல்லின் உறுப்புகள் சேரும்போது ஒலி மாறுவதை நம் பிள்ளைகளைப்போல நுணுக்கமாகப் படிக்கிறவர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. தமிழ்ப் பாடத்தில் அதற்குப் புணர்ச்சி என்று பெயர். நிலைமொழி, வருமொழி, தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் வகுத்துத் தந்ததைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படிக்கிறார்கள். ஆங்கிலத்திலும் நடப்பது அதுதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புணர்ந்த பிறகு வாயில் எப்படி வருகிறதோ அப்படியே தமிழில் எழுதுகிறோம். ஆங்கிலமோ பெரும்பாலும் புணர்வதற்கு முந்திய உருவத்தை எழுதி வைத்துவிட்டு, புணர்த்துகிற வேலையை வாசிக்கிறவரின் வாய்க்கு விட்டுவிடுகிறது. ஆகவே தமிழ் வகுப்பில் பிள்ளைகள் பிரித்துப் பழகுகிறார்கள். ஆங்கில வகுப்பில் அவர்கள் சேர்த்துப் பழக வேண்டும். நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது பற்றியது.

முதல் பாடத்தை நீ நிற்கிற தீவின் பெயரிலேயே தொடங்கு. கரும்பலகையில் ‘நெடு’ என்று எழுதிவிட்டு, அதோடு கடல், சாலை, தீவு, பகல் என்ற நான்கு சொற்களையும் சேர்த்துச் சொல்லச் சொல். நெடுங்கடல், நெடுஞ்சாலை, நெடுந்தீவு, நெடும்பகல் என்று யோசிக்காமலே சொல்வார்கள். க வந்தால் ங், ச வந்தால் ஞ், த வந்தால் ந், ப வந்தால் ம். வரப்போகிற எழுத்துக்கு நாக்கும் உதடும் எங்கே போக வேண்டுமோ அங்கே முன்கூட்டியே போய்விடுகின்றன. ‘பகல்’ என்று சொல்ல உதடு மூட வேண்டும். அதற்கு முந்திய மூக்கொலியையும் உதட்டை மூடியே சொல்லிவிட்டால் வேலை மிச்சம், அதனால் ம் வருகிறது. பிள்ளைகள் மெதுவாகச் சொல்லிப் பார்த்துத் தங்கள் உதட்டைத் தாங்களே கவனிக்கட்டும்.

பிறகு பக்கத்தில் ‘பொசிபிள்’ என்று எழுதி, அதன் முன்னால் ‘இல்லை’ என்ற பொருள் தரும் ‘இன்’ என்ற முன்னொட்டைச் சேர்க்கச் சொல். நெடும்பகல் சொன்ன அதே வாய் இம்பொசிபிள் என்று சொல்லும். ‘கம்பிளீற்’ என்பதன் முன் ‘இன்’ வந்தால் ஆங்கிலேயர் பலர் வாயில் ‘இங்கம்பிளீற்’ என்றுதான் கேட்கும். ஆனால் எழுத்தில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்துத்தான் நிற்கும். ‘லீகல்’ முன்னால் அந்த முன்னொட்டு ‘இல்’ ஆகி இல்லீகல் ஆகிறது. ‘ரெகியூலர்’ முன்னால் ‘இர்’ ஆகிறது. இந்த மாற்றங்களை முதலில் செய்தது ஆங்கிலம் அல்ல, லத்தீன். அங்கேயே புணர்ந்து முடிந்த சொற்களாக இவை ஆங்கிலத்துக்குள் வந்தன. அதனால்தான் இங்கே மாற்றம் எழுத்திலும் தெரிகிறது.

நம் தீவுகளின் ஊர்ப்பெயர்களே ஒரு புணர்ச்சிப் பாடப்புத்தகம். ஊர்காவற்றுறைப் பக்கம் இருக்கிற புளியங்கூடலை எடுத்துக்கொள். புளி என்ற மரப்பெயர் இன்னொரு சொல்லோடு சேரும்போது நடுவில் ‘அம்’ என்ற சாரியை வரும் என்று தொல்காப்பியம் தனி விதியே சொல்கிறது. பஸ்ஸில் ‘புளியங்கூடல் இறக்கம்’ என்று சொல்கிற ஒருவர் அந்த விதியைத் தினமும் வாயில் நடத்திக் காட்டுகிறார். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் நீருக்குள் நிற்கிற கடற்கோட்டையில், கடலின் ல் கோட்டையின் க வந்ததும் ற் ஆகிவிட்டது. காவல் என்பதன் ல் துறைக்கு முன்னால் ற் ஆனதோடு நில்லாமல், துறையின் தகரத்தையும் றகரமாக்கி ஊர்காவற்றுறை என்று வந்தது. பலகைகளிலும் பத்திரிகைகளிலும் ‘ஊர்காவற்துறை’ என்றும் காண்கிறோம். தமிழில் றகர ஒற்றுக்குப் பின் தகரம் நிற்காது. அப்படி எழுதுவது புணர்ச்சியைப் பாதி வழியில் நிறுத்திவிடுவது. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லச் சொல். எதற்கு நாக்கு இடறுகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

இந்தத் துறையின் பெயர் கல்லிலும் இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து வெளியிட்டார். வெளிநாட்டு வணிகர்கள் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவருக்கு என்றும் அது விதிக்கிறது. சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி. அந்தப் பெயரில் ‘துறை’க்கு முன்னால் த் மிகுந்திருப்பதைக் கவனி. ஊரார் வாயில் நடந்த புணர்ச்சி அரசனின் ஆணையிலும் ஏறியிருக்கிறது. பிள்ளைகளை நயினாதீவுக்குச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனால் இதையும் காட்டு.

ஊர்காவற்றுறை என்ற பெயரில் வரும் இரட்டை றகரத்தில் இன்னொரு புதையலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ‘காற்று’, ‘வெற்றி’ என்று சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் உள்ள முரசைத் தொட்டு அழுந்துகிறது. ஆங்கிலத்தின் ‘ரீ’ என்ற எழுத்துக்கு ஆங்கிலேயர் நாக்கு போகிற இடமும் அதுதான். அதனால்தான் நம் ஆட்கள் கொமிற்றி, யூனிவேர்சிற்றி என்று றகரம் போட்டு எழுதுகிறார்கள். இதைப் பட்டிக்காட்டு எழுத்து என்று யாராவது சொன்னால் நம்பாதே, பிள்ளைகளையும் நம்ப விடாதே. காது கேட்டதைக் கை சரியாக எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் பலருக்குப் பழக்கி எடுக்க வேண்டிய ஓர் ஒலி உன் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது.

இனி நீ கேட்ட ஈற்றுக்கு வருவோம்.

எழுத்துக்கும் வாய்க்கும் இடைவெளி உண்டு என்பதை முதலில் விளங்க வை. அதற்கு ஆங்கிலம் வேண்டாம். கொப்பியில் ‘ஒன்று, மூன்று, இன்றைக்கு’ என்று எழுதுகிற பிள்ளை, வாயைத் திறந்தால் ‘ஒண்டு, மூண்டு, இண்டைக்கு’ என்கிறது. எழுத்தைப் பார்த்துக்கொண்டே வேறு ஒலியைச் சொல்லுகிற திறமை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்தது தொண்டை. விரலைத் தொண்டையில் வைத்து ‘பந்து’ என்று சொல்லச் சொல். கடைசிவரை அதிரும். ‘பத்து’ என்று சொன்னால் நடுவில் அதிர்வு நின்று திரும்ப வரும். எழுத்து ஒரே து, ஒலி இரண்டு. இதை விரலால் உணர்ந்த பிள்ளைக்கு ஆங்கில விதியை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். வினைச்சொல் அதிர்வில்லாத மெய்யில் முடிந்தால் ஈறும் அதிராது, ஆகவே ‘வோக்’ என்பது ‘வோக்ற்’ ஆகும். அதிர்கிற ஒலியில் முடிந்தால் ஈறும் அதிரும், ஆகவே ‘ஓப்பின்’ என்பது ‘ஓப்பின்ட்’ ஆகும். வினையே ற் அல்லது ட் ஒலியில் முடிந்திருந்தால் ஒரே இடத்து ஒலிகள் இரண்டு மோதும் என்பதால் நடுவில் ஓர் உயிர் புகும். ‘வோன்ற்’ என்பது ‘வோன்றிட்’ ஆகும்.

பன்மைக்கும் இதே கணக்கு. கப் என்பது கப்ஸ். பஸ் என்பது பஸ்ஸிஸ். பென் என்பதோடு சேரும் ஸ், பஸ்ஸிஸ் என்பதன் கடைசி ஸ் போலவே, தொண்டை அதிரச் சொல்ல வேண்டிய ஸ். இது தமிழில் இல்லாத ஒலி. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. பிள்ளைகள் ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிக்கொண்டே விரலைத் தொண்டையில் வைத்து அதிர்வைக் கூட்டிக் கூட்டிப் பழக வேண்டும். ஒரு வகுப்பு முழுவதும் இதற்கே போனாலும் வீணில்லை.

ஒரே காலத்துக்கு இத்தனை உருவமா என்று யாராவது சலித்துக்கொண்டால் தமிழ் வினைகளைக் கேள். செய்தான், உண்டான், தின்றான், ஓடினான். நன்னூல் இறந்தகாலத்துக்குத் த், ட், ற், இன் என்று நாலு இடைநிலை சொல்கிறது. உண் என்பதன் ணகரத்தை அடுத்து ட் வருவதும், தின் என்பதன் னகரத்தை அடுத்து ற் வருவதும் தற்செயல் இல்லை. நாக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே அடுத்த ஒலியையும் சொல்லி முடிக்கிறது. ஆங்கிலத்தில் மூன்றுதான். நம் பிள்ளைகள் நாலைச் சமாளித்தவர்கள்.

‘வோக்கெட்’ என்று வாசிக்கிற பிள்ளையைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரிக்க இடம் கொடாதே. சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயரே அந்த ஈற்றைத் தனி அசையாகத்தான் சொன்னார்கள். பேச்சு சுருங்கியது, எழுத்து அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பழைய உச்சரிப்பு ‘விக்கிட்’, ‘நேக்கிட்’ போன்ற சில சொற்களில் இன்றும் இருக்கிறது. எழுத்தை நம்பி வாசித்த பிள்ளை நேர்மையாக வாசித்திருக்கிறது. ‘நீ எழுத்தை வடிவாய்ப் பார்த்திருக்கிறாய், இனி வாயால் சேர்த்துச் சொல்’ என்று மட்டும் சொல்.

விதியைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன் காதுக்குக் கொடு என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1958இல் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், நாலு முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளிடம் எங்குமே இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி அதற்கு ‘வக்’ என்று பெயர் சொன்னார். அதிர்ந்து ஒலிக்கும் ககரம் அது. பிறகு இரண்டு பிராணிகளைக் காட்டி இப்போது என்ன சொல்வாய் என்று கேட்டார். பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதிரும் ஸகரத்தைச் சேர்த்துச் சரியாகச் சொன்னார்கள். அந்தச் சொல்லை அவர்கள் அதற்கு முன் கேட்டதே கிடையாது. ஆகவே மனப்பாடத்திலிருந்து அது வந்திருக்க முடியாது. விதி வாய்க்குள் இருந்து வந்தது. நீயும் உன் வகுப்பில் இல்லாத மீனுக்கும் இல்லாத பறவைக்கும் பெயர் வைத்துப் பன்மை கேள். பெயரைப் பிள்ளைகளே வைக்கட்டும்.

ஒற்றுமைகளைத் தேடத் தொடங்கினால் நிறையக் கிடைக்கும். நாம் ஒரு தீவு, ஓர் ஊர் என்கிறோம். ஆங்கிலத்தில் மெய்யொலிக்கு முன் ‘எ’, உயிரொலிக்கு முன் ‘ஆன்’. இரண்டு மொழியிலும் இது ஒன்று என்ற எண்ணிலிருந்து பிறந்தது. மா+இலை மாவிலை ஆவதும், தீ+அணை தீயணை ஆவதும் உடம்படுமெய்யால். ஆங்கிலேயர் ‘கோ ஆன்’ என்று சொல்லும்போது நடுவில் வகரச் சாயல் ஒன்றும், ‘சீ இற்’ என்னும்போது யகரச் சாயல் ஒன்றும் கேட்கும். இ, ஈ, ஐ வழி ய், மற்ற உயிர் வழி வ் என்ற நம் விதி அங்கே எழுதப்படாமல் நடக்கிறது.

எண்களை மறந்துவிடாதே. ஆறு என்ற நெடில் அறுபது என்று குறுகுகிறது. ஏழு எழுபதாகிறது. ஐந்து ஐம்பதாகிறது. ஆங்கிலத்தில் ‘ஃபைவ்’ குறுகி ‘ஃபிஃப்ரி’ ஆகிறது, ‘த்ரீ’ குறுகி ‘தேர்ட்டி’ ஆகிறது. ஃபைவ் என்பதன் கடைசி ஒலி ஃபிஃப்ரியில் அதிர்வை இழந்திருப்பதையும் பிள்ளைகள் விரலால் கண்டுபிடிப்பார்கள். ஏனென்றால் அடுத்து வருகிற ரீ அதிராத ஒலி. வோக்ற் என்பதில் நடந்த அதே காரியம்.

விதி நிற்கிற இடத்தையும் காட்டு. அல்லை+பிட்டி அல்லைப்பிட்டி ஆனது. அனலை+தீவு அனலைதீவாகவே நின்றது. எழுவைதீவும் மண்டைதீவும் அப்படியே. இரண்டிடத்திலும் முன்னால் ஐகாரம்தான், வழக்கு ஓரிடத்தில் மிகுத்தது, ஓரிடத்தில் மிகுக்கவில்லை. ஆங்கிலத்திலும் ‘இன்’ மாறுகிற இடத்தில் ‘அன்’ மாறாமல் எழுதப்படும். ‘பொப்பியூலர்’ முன்னால் அது ‘அம்’ ஆவதில்லை. ‘அன்’ ஆங்கிலத்தின் சொந்த முன்னொட்டு, எந்தச் சொல்லோடும் தளர்வாகவே ஒட்டிக்கொள்ளும். ‘இன்’ வந்தேறியது, வந்தபோதே இறுகியிருந்தது. விதியும் வழக்கும் மோதினால் வழக்கை மதிக்க வேண்டும் என்பதைத் தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு, அங்கே உதவும் என்று பாவனை செய்யாதே. எலெக்ட்ரிக் என்பது எலெக்ட்ரிசிற்றி ஆகும்போது க் போய் ஸ் வருகிறது. மியூசிக், மியூசிஷியன் ஆகும்போது ஷ் வருகிறது. இவை லத்தீனும் பிரெஞ்சும் விட்டுப்போன தடங்கள். போட்டோகிராப் என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில், போட்டோகிரபியில் இரண்டாம் அசையில், போட்டோகிராபிக்கில் மூன்றாம் அசையில். அழுத்தம் நகர நகர மற்ற உயிர்கள் மங்கிப்போகின்றன. தமிழில் இப்படி ஓர் ஆட்டம் இல்லை. இவற்றைக் குடும்பம் குடும்பமாகக் கேட்டுத்தான் பழக வேண்டும். வானொலிச் செய்தியோ கைத்தொலைபேசியில் உள்ள அகராதியின் குரலோ, எது கிடைத்தாலும் கேட்கக் கொடு.

ஆங்கில எழுத்துமுறை அறிவில்லாமல் எழுதப்பட்டது என்ற பேச்சும் வகுப்பில் வரும். அதையும் திருத்து. ‘சைன்’ என்பதில் ஒலிக்காத ‘ஜி’ எதற்கு என்று கேட்பார்கள். ‘சிக்னேச்சர்’ என்று சொல்லிப் பார்க்கச் சொல், அந்த எழுத்து உயிர்பெற்று ஒலிக்கும். நோம் சோம்ஸ்கியும் மொரிஸ் ஹாலேயும் 1968இல் வெளியிட்ட ஆங்கில ஒலியமைப்பு நூலில் இதை எடுத்துக் காட்டினார்கள். ஒலி மாறினாலும் சொற்களின் உறவு கண்ணுக்குத் தெரியும்படி அந்த எழுத்து காத்து வைத்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். தமிழ் எழுத்து வாயைக் காப்பாற்றுகிறது, ஆங்கில எழுத்து வேரைக் காப்பாற்றுகிறது. இரண்டுக்கும் அதனதன் நியாயம் உண்டு.

மகள், ஒரு மொழியை இன்னொரு மொழியின் வெளிச்சத்தில் பார்க்கிற வழி நம் தீவுக்குப் புதிதில்லை. தனிநாயகம் அடிகளார் 1913இல் கரம்பொன்னில் பிறந்தவர். தந்தையார் நீ இருக்கிற நெடுந்தீவைச் சேர்ந்தவர். அடிகளார் ரோமில் படித்து, பல ஐரோப்பிய மொழிகள் கற்று, அதன் பிறகே தமிழகம் போய்த் தமிழை முறையாகப் படித்தார். 1952இல் தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்விதழ் தொடங்கினார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் உருவாகப் பாடுபட்டார். மற்ற மொழிகளைக் கற்றது அவருடைய தமிழைக் குறைக்கவில்லை, கூர்மையாக்கியது. உன் வகுப்பிலும் ஆங்கிலம் படிக்கிற பிள்ளை தன் தமிழை இன்னும் வடிவாகக் காணும் என்றால் உன் வேலை இரண்டு மடங்கு பலித்ததாகும்.

ஆகவே முதல் காரியமாக உன் பள்ளிக்கூடத்துத் தமிழ் ரீச்சரிடம் போ. புணர்ச்சிப் பாடம் அவர் எந்தக் கிழமை நடத்துகிறார் என்று கேட்டு, அதே கிழமையில் நீ ‘இன்’ முன்னொட்டையும் இறந்தகால ஈற்றையும் நடத்து. முடிந்தால் ஒரு நாள் இருவரும் ஒரே வகுப்பில் நில்லுங்கள். அவர் பிரித்துக் காட்டட்டும், நீ சேர்த்துக் காட்டு. எழுதச் சொல்வதற்கு முன் சொல்லச் சொல். சொல்வதற்கு முன் கேட்க வை. பிழையாய்ச் சொல்கிற பிள்ளையை முதலில் பாராட்டு, ஏனென்றால் வாய் திறந்த பிள்ளையைத்தான் திருத்த முடியும்.

தவணை முடிந்து வரும்போது உன் பிள்ளைகள் பெயர் வைத்த இல்லாத மீன்களின் பட்டியலைக் கொண்டு வா. எந்தப் பன்மை எத்தனை பேருக்குச் சரியாக வந்தது, எங்கே இடறினார்கள் என்று குறித்துக்கொண்டு வா. அடுத்த தவணைக்கு எதைப் படிப்பிக்கலாம் என்று இருவரும் இருந்து கதைப்போம்.

அன்புடன்,
பெரியம்மா